கணிதமா, புள்ளியியலா? கணக்கெடுப்புக் காலத்தில் ஒரு கல்லூரிக் கேள்வி

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்து, கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நாட்கள் இவை. மருத்துவம், பொறியியல் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. மாமா, மச்சான், சவூதியில் இருக்கும் சாச்சா என்று ஆளுக்கொரு கருத்து தயாராக இருக்கும். பி.எஸ்சி. என்று வரும்போதுதான் தடுமாற்றம். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு ஒரு கல்லூரியில் கணிதமும் இன்னொரு கல்லூரியில் புள்ளியியலும் கிடைத்துவிட்டால், "இரண்டும் கணக்குதானே, பஸ் வசதி எதற்கு இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுவோம்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல. படிப்பின் தன்மை வேறு, படித்து முடித்தபின் திறக்கும் கதவுகளும் பெரும்பாலும் வேறு. நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிற இந்த நேரத்தில் இதைச் சற்று விரிவாகப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் படிப்பு.

கணிதப் பட்டப்படிப்பு நிரூபணத்தின் படிப்பு. பள்ளியில் சூத்திரத்தைப் போட்டு விடை கண்ட பிள்ளை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது எண்களையே அதிகம் பார்க்காது. குலம், வளையம் என்று பேசும் நவீன இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, கலப்பெண் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள், இயக்கவியல் என்று போகும். "விடை என்ன" என்பதைவிட "இது ஏன் எப்போதும் உண்மை" என்பதுதான் அங்கே கேள்வி. இதில் சுவை காணும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எடுத்துவிட்டு இதில் மூச்சுத் திணறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

புள்ளியியல், நிச்சயமில்லாத விஷயத்தில் எவ்வளவு தூரம் நிச்சயமாகப் பேசலாம் என்று கற்றுத்தருகிறது. நிகழ்தகவு, பரவல்கள், கூறெடுப்பு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை, தொடர்புப்போக்கு, சோதனை வடிவமைப்பு, மக்கள்தொகையியல், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு என்று பாடங்கள் வரும். செய்முறைத் தேர்வு உண்டு. கணினியில் உட்கார்ந்து உண்மையான தகவல்களை அலச வேண்டும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. ஃபராயிள் கணக்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று வாரிசுகள் தெரிந்துவிட்டால் விடை ஒன்றுதான். அதில் "ஏறக்குறைய" என்ற பேச்சே இல்லை. ஹதீஸ் கலை அப்படியல்ல. அறிவிப்பாளர்கள் எத்தனை பேர், ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்காமல் தனித்தனி வழியாக வந்திருக்கிறதா, மனன சக்தி எப்படி, முரண்பட்டால் யாருடைய அறிவிப்பு கனமானது என்றெல்லாம் பார்த்து, முதவாதிர், ஆஹாத் என்று உறுதியின் அளவைப் பிரிக்கிறோம். முதலாவது கணிதக்காரனின் மனநிலை, இரண்டாவது புள்ளியியல்காரனின் மனநிலை. இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்டினால் உடைந்துவிடும். ஆனால் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க இது உதவும். (இரண்டுக்கும் நம் முன்னோரிடம் வேர் உண்டு. அல் குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும் பகுதி வஸிய்யத், பாகப்பிரிவினைக் கணக்குகள். எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி ரகசியக் கடிதங்களை உடைக்கும் முறையை 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் அல் கிந்தி.)

எண்களைப் பேசத் தெரியாத சமுதாயம்

2024 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. 1950க்கும் 2015க்கும் இடையில் இந்தியாவில் முஸ்லிம்களின் பங்கு 9.84 விழுக்காட்டிலிருந்து 14.09 ஆனது, இந்துக்களின் பங்கு 84.68 விழுக்காட்டிலிருந்து 78.06 ஆனது என்றது அறிக்கை. முன்னது 43 விழுக்காடு உயர்வு, பின்னது ஏறத்தாழ 8 விழுக்காடு சரிவு என்று அதுவே கணக்கும் போட்டுக் காட்டியது.

அன்று மாலையே பல தொலைக்காட்சிகள் "முஸ்லிம் மக்கள்தொகை 43 சதவீதம் பெருகியது, இந்துக்கள் 8 சதவீதம் குறைந்தனர்" என்று ஓட்டின. எண்ணிக்கையில் யாருமே குறையவில்லை. இரு சமூகத்தாரும் அந்த 65 ஆண்டுகளில் பல மடங்கு பெருகினார்கள். மாறியது பங்கு மட்டும். அதுவும் முஸ்லிம்களின் பங்கு கூடியது நான்கே கால் புள்ளி. நூறு பேர் உள்ள ஒரு தெருவில் இரண்டு பேராக இருந்தவர்கள் மூன்று பேரானால் "50 சதவீதம் உயர்வு" என்றும் சொல்லலாம், "நூற்றுக்கு ஒருவர் கூடினார்" என்றும் சொல்லலாம். இரண்டும் கணக்கில் சரி. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அரசியல் இருக்கிறது. சிறிய எண்ணை அடியில் வைத்து வகுத்தால் விழுக்காடு எப்போதும் பூதாகரமாகத்தான் வரும்.

அதே நேரத்தில் தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் எல்லோருக்கும் கிடைக்கும்படி இருந்தன. 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21இல் அது 2.36, 1.94. இடைவெளி ஒன்றுக்கு மேல் இருந்தது அரைக்கும் கீழே வந்துவிட்டது. இதை எடுத்துச் சொல்லி ஊடகங்கள் அறிக்கையைத் திரிக்கின்றன என்று உடனடியாக எழுதியது பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்ற பொது அமைப்பு. நாம் என்ன செய்தோம்? கோபப்பட்டோம். ஸ்டேட்டஸ் வைத்தோம். சில மேடைகளில் "இது பொய்க் கணக்கு" என்று முழங்கினார்கள். கணக்கு பொய் அல்ல, அதைப் படித்த விதம்தான் பொய் என்று நிதானமாக விளக்கக்கூடிய பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒரு வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

நமக்கு ஆதரவான எண்களையும் நாம் அப்படித்தான் கையாள்கிறோம். உயர்கல்வி பற்றிய அகில இந்திய ஆய்வில் 2019-20இல் சுமார் 21 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2020-21இல் 19.2 லட்சத்துக்கு இறங்கியது. உண்மையான, கவலைக்குரிய செய்தி. அடுத்த ஆண்டு அறிக்கையில் அது மறுபடி 21 லட்சத்தைத் தொட்டது. ஆனால் இறங்கியது மட்டும் இன்றைக்கும் பயான்களில் "முஸ்லிம்கள் கல்லூரியை விட்டு வெளியேறுகிறார்கள்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது கொரோனா ஆண்டு என்பதோ, ஓராண்டு எண்ணை வைத்துப் போக்கைச் சொல்லக்கூடாது என்பதோ சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. நம் பிரச்சினையின் உண்மையான அளவு என்ன என்பதே இதனால் மறைந்துபோகிறது.

இப்போது வருகிற கணக்கெடுப்பு இதைவிடப் பெரியது. மத்திய அரசு 2025 ஜூன் 16 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாள். வீட்டுப் பட்டியல் எடுக்க 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டது. தலையெண்ணிக்கை 2027 பிப்ரவரியில். சுதந்திர இந்தியாவில் முதல் முறையாகக் கணக்கெடுப்பிலேயே எல்லோருடைய சாதியும் கேட்கப்படும். இதற்கு முன் 2011இல் தனியாக எடுத்த சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் கதியை நினைவில் கொள்ள வேண்டும். 1931 கணக்கெடுப்பில் 4,147ஆக இருந்த சாதிப் பெயர்கள் அதில் 46 லட்சமாக வந்து நின்றன என்று மத்திய அரசே 2021இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னது. ஒரே பிரிவை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டினார்கள். அந்தச் சாதி எண்கள் வெளிவரவே இல்லை.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் ஏழு பிரிவுகள்: அன்சார், தக்னி, தூதேகுலா, ராவுத்தர் மரக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது. 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறது. வாப்பா "லெப்பை" என்று சொல்லி, மச்சான் "ராவுத்தர்" என்று சொல்லி, மகன் "வெறும் முஸ்லிம் என்று போடுங்கள்" என்று சொன்னால், ஒரே குடும்பம் மூன்று வரிசையில் சிதறும். எப்படிப் பதிவு செய்வது என்பதை ஜமாஅத்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன, நல்லது. ஆனால் பதிவு பாதி வேலைதான். பிறகு அட்டவணைகள் வரும். மாவட்டவாரியாக, கல்விவாரியாக, தொழில்வாரியாக வரும். அவற்றை இறக்கி, சேர்த்து, பிரித்து, எது உண்மையான வித்தியாசம் எது தற்செயல் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இது வெறும் ஆதங்கம் அல்ல, தொழில்நுட்பக் கேள்வி. 2011 கணக்குப்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. மாநிலம் முழுவதும் 10,000 பேரை எடுத்து ஓர் ஆய்வு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அதில் நம்மவர்கள் ஏறக்குறைய 586 பேர் வருவார்கள். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குப் பதினைந்து பேர். பதினைந்து பேரை வைத்து "இந்த மாவட்டத்தில் முஸ்லிம் பெண்களின் வேலைவாய்ப்பு இவ்வளவு" என்று எவராவது எழுதினால் அதை நம்பக்கூடாது. நமக்குச் சாதகமாக இருந்தாலும்கூட. சிறுபான்மையைப் பற்றிச் சரியாகத் தெரிய வேண்டுமானால் அவர்களை மட்டும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்து, பிறகு எடை சரிசெய்யும் கூறெடுப்பு முறை வேண்டும். புள்ளியியல் பட்டப்படிப்பில் இது ஒரு முழுத் தாளாகவே இருக்கிறது.

சச்சார் குழுவை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 2006 நவம்பரில் வந்த அந்த அறிக்கையின் பலம் எங்கிருந்து வந்தது? ஐ.ஏ.எஸ்.ஸில் 3 விழுக்காடு, ஐ.எஃப்.எஸ்.ஸில் 1.8, ஐ.பி.எஸ்.ஸில் 4 என்று அது சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. காரணம், அரசே சேர்த்து வைத்திருந்த கணக்கெடுப்புத் தகவல்களையும் தேசிய மாதிரி ஆய்வுத் தகவல்களையும் துறைகள் கொடுத்த பட்டியல்களையும் எடுத்து, மதவாரியாகப் பிரித்துப் படித்தார்கள். குழுவின் உறுப்பினர் செயலராக இருந்தவர் பொருளாதார அறிஞர் அபூசாலிஹ் ஷெரீஃப். தகவல் அலமாரியில்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் கையில் கிடைத்தபோது பேசியது.

மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், 1,500 ஆண்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் பார்க்கிறோம். ஒரு சமுதாயம் தன்னை எண்ணித் தெரிந்துகொள்வது புதிய பழக்கம் அல்ல.

பிள்ளையின் சோறு

இவ்வளவு சொன்னதால் எல்லோரும் புள்ளியியலில் சேருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமுதாயத் தேவைக்காக ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தைச் செலவழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. "ஹஜ்ரத், அதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் அது நியாயமான கேள்வி.

பள்ளிக்கூட ஆசிரியர் வேலைதான் குறி என்றால் கணிதம். இதில் யோசிக்கவே வேண்டாம். பி.எஸ்சி. கணிதம், பி.எட்., முடிந்தால் எம்.எஸ்சி. என்ற பாதை நேரானது. கணித ஆசிரியர் இல்லாத பள்ளி இல்லை, டியூஷன் வருமானமும் உண்டு. புள்ளியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு கணித ஆசிரியர் பணிக்குப் போனால், பட்டம் இணையானதுதானா என்ற கேள்வியில் மாட்டிக்கொள்ள வேண்டி வரலாம். எம்.சி.ஏ., எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் தேர்வுகள் போன்றவற்றுக்கு இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

அரசுப் புள்ளியியல் பணிகள் என்று தனி உலகம் ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மத்திய தேர்வாணையம் ஆண்டுதோறும் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, ஐ.ஏ.எஸ். போன்றே குரூப் ஏ அந்தஸ்து உடையது. தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். இடங்கள் ஆண்டுக்குச் சில பத்துதான், ஆனால் போட்டியிடுகிறவர்கள் சிவில் சர்வீஸ் தேர்வைப்போல் லட்சக்கணக்கில் இல்லை. பொது ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100 மதிப்பெண், புள்ளியியல் நான்கு தாள்கள் தலா 200, நேர்முகம் 200. அதாவது 1,200இல் 800 மதிப்பெண் படித்த பாடத்திலேயே இருக்கிறது. வயது 21 முதல் 30 வரை, ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்றாண்டு சலுகை. இங்கே தமிழகத்தின் 3.5 விழுக்காடு செல்லாது. மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ள நம் பிரிவினர் 27 விழுக்காட்டுக்குள் போட்டியிட வேண்டும், கிரீமி லேயர் வரம்பும் பார்க்கப்படும். எனவே அந்தச் சான்றிதழைக் கல்லூரிக் காலத்திலேயே முறையாக எடுத்து வையுங்கள்.

இதற்கடுத்த படி ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர். பணியாளர் தேர்வாணையத்தின் சி.ஜி.எல். தேர்வு வழியாக எடுக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 35,400. பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும், அல்லது பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடு எடுத்த பட்டதாரியாக இருக்க வேண்டும். மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. அங்கே நம் 3.5 செல்லும்.

இந்தியப் புள்ளியியல் பணிக்கான தகுதியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பட்டப்படிப்பில் புள்ளியியல் "ஒரு பாடமாக" இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் எடுப்பவர்களுக்குத் துணைப்பாடம் உண்டு. அலைடு என்று சொல்வோமே, அதுதான். பல கல்லூரிகளில் அது இயற்பியலாகவோ புள்ளியியலாகவோ இருக்கும். முதல் ஆண்டு சேர்க்கை நாளில், கூட்ட நெரிசலில், தோழி எதை எடுத்தாளோ அதை எடுத்துவிட்டு வருகிறார்கள். மூன்று வருடம் கழித்து அறிவிக்கையைப் படிக்கும்போதுதான் அன்று வைத்த ஒரு டிக் மார்க்கின் விலை தெரிகிறது. கணிதத்தில் சேரும் பிள்ளை, வேறு வலுவான காரணம் இல்லையென்றால், துணைப்பாடமாகப் புள்ளியியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னாளில் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு மாறவும் அது கைகொடுக்கும்.

ஏனென்றால் கணிதத்திலிருந்து புள்ளியியலுக்குப் போவது மேட்டிலிருந்து இறங்குவது மாதிரி. திரும்பி வருவது ஏற்றம். நூறு ஆண்டுகளில் உலகம் கண்ட பெரும் புள்ளியியல் அறிஞர்களில் ஒருவரான சி.ஆர். ராவ், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக் கல்கத்தா போனவர். வேலை கிடைக்காமல் 1941இல் அங்கே இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். 2023இல் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது வயது 102. டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த காஜி மோதாஹர் ஹுசைன் அதே கழகத்துக்கு வந்து மகலனோபிஸிடம் புள்ளியியல் கற்று, திரும்பிப் போய் டாக்காவில் அத்துறையையே நிறுவினார். வங்காள முஸ்லிம்களிடையே அவர் பெயர் எழுத்தாளராகவும் நிலைத்திருக்கிறது.

ஆகவே பிள்ளைக்குத் தெளிவு இல்லை, கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான் என்றால் கணிதம், துணைப்பாடம் புள்ளியியல். தகவல்களை அலசுவதில், கணினியில், மனிதர்களைப் பற்றிய கேள்விகளில் பிள்ளைக்கு நாட்டம் தெரிந்தால், நேராகப் புள்ளியியல். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி போன்றவற்றில் புள்ளியியல் துறைகள் பழையவை, பெயர் பெற்றவை. மற்ற ஊர்களில் இந்தப் பாடம் உள்ள கல்லூரிகள் குறைவு. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

தனியார் துறையில் புள்ளியியல் படித்தவரை மருந்து நிறுவனங்கள் தேடுகின்றன. ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளின் முடிவை எழுதுபவர் புள்ளியியலாளர்தான். சந்தை ஆய்வு, விவசாய ஆய்வு, நிறுவனங்களின் விற்பனைக் கணிப்பு என்று பட்டியல் நீளும். ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஆர், பைத்தான், எஸ்.க்யூ.எல். ஆகியவற்றில் கை ஓட வேண்டும். இன்னொன்று: "டேட்டா சயின்ஸ்" என்று பலகை மாட்டி இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் புதுப் படிப்புகள் பெருகியிருக்கின்றன. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவும் கூறெடுப்பும் தொடர்புப்போக்கும் அதில் ஒழுங்காக இல்லையென்றால் அது மென்பொருள் பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு முதலில் விழுங்குவது அந்த மாதிரி மேலோட்டமான வேலைகளை.

வட்டி, இன்சூரன்ஸ் என்ற சந்தேகம்

புள்ளியியல் என்றாலே வங்கி, இன்சூரன்ஸ் வேலைதானே, அது கூடுமா என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்தத் தயக்கத்தைக் கேலி செய்யக்கூடாது. ஈமான் உள்ள வீட்டில் எழ வேண்டிய கேள்விதான் இது.

கல்வி வேறு, அதை விற்கும் இடம் வேறு. நிகழ்தகவு படிப்பதில் எந்தத் தடையும் இல்லை. சூதாட்டத்தை ஆராய்ந்துதான் அந்தக் கலை ஐரோப்பாவில் வளர்ந்தது என்பதால் அது சூதாட்டம் ஆகிவிடாது. மேலே சொன்ன அரசுப் பணிகள், மருத்துவ ஆய்வு, தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு எல்லாம் வட்டியோடு சம்பந்தமில்லாத, விசாலமான களங்கள். வட்டிக் கணக்கையே எழுதும் வேலை என்றால் அது வேறு, தவிர்க்க வேண்டும். நடுவில் உள்ள வேலைகளில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு வேலையின் தன்மையையும் சொல்லி, உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த ஒருவரிப் பதிலை வைத்துப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள்.

இன்சூரன்ஸில் ஆக்சுவரி என்ற தொழில் உண்டு. ஆயுள், விபத்து, நோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கணக்கிட்டு எவ்வளவு நிதி ஒதுக்க வேண்டும் என்று சொல்பவர். நீண்ட தேர்வு வரிசை, உயர்ந்த சம்பளம். வணிக இன்சூரன்ஸ் கூடாது, பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவு முறை கூடும் என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1985இல் தீர்மானித்தது. மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே தகாஃபுல் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இன்று மலேசியாவிலும் வளைகுடாவிலும் தகாஃபுல் நிறுவனங்கள் இயங்குகின்றன, அவற்றுக்கும் ஆக்சுவரிகள் தேவை. ஷரீஅத்தும் நிகழ்தகவும் இரண்டும் தெரிந்த ஆள் அங்கே அபூர்வம். நம் மதரஸாக்களில் ஓதிக்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏன் பி.ஏ. அரபியையும் வரலாற்றையும் மட்டுமே எடுக்க வேண்டும்? கலைப்பட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாடங்கள் மீது குறை ஒன்றும் இல்லை. கூட்டம் ஒரே வாசலில் நிற்கிறது என்பதுதான் குறை.

பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இது பொருந்தும். வெளியூர் விடுதிக்கு அனுப்ப மனம் வராத வீடுகளில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்தவர்கள் தகுதிச் சுற்று எழுதிச் சேரலாம். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு மட்டும் மையத்தில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுமை அதிகம், எல்லோராலும் முடியாது.

மிக நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளையாக இருந்தால் இரண்டு பெயர்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, மேலே சொன்ன இந்தியப் புள்ளியியல் கழகம். அதன் பி.ஸ்டாட் கொல்கத்தாவில், பி.மேத் பெங்களூரில். மற்றொன்று, சென்னை சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம். இரண்டிலும் பிளஸ் டூ மதிப்பெண் இடம் வாங்கித் தராது, நுழைவுத் தேர்வுதான். பி.ஸ்டாட் தேர்வில்கூடக் கேட்பது புள்ளியியல் அல்ல, கணிதம்தான். அதுவும் மனப்பாடத்துக்கு அடங்காத கணிதம். விண்ணப்பங்கள் பிளஸ் டூ தேர்வுக் காலத்தையொட்டியே முடிந்துவிடும். எனவே இந்த ஆண்டு முடித்த பிள்ளைகளுக்கு இது தாமதம். பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் காலடி வைக்கும் பிள்ளைகள் உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர், அவர்களில் கணக்கில் துடிப்பானவர்கள் யார் என்று இந்த ஜூன் மாதமே ஒரு பட்டியல் எடுத்தால், பழைய நுழைவுத் தேர்வுத் தாள்களைக் கழகத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுத்து, வாரம் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க இரண்டு முழு ஆண்டுகள் கிடைக்கும்.